ஆறாம் அறைக்குக் கல் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

வகுப்புக்கென்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதை டெல்வெக்கியோ சார் படித்து மதிப்பெண் போடுவார். இது வேறு. இதை யாரும் படிக்கப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு இதில் எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அக்டோபர் 17 அன்று என்னிடம் எழுதிவைத்தது எதுவும் இல்லை. அதனால்தான் தோற்றேன்.

அன்று நடந்ததைப் பன்னிரண்டாவது முறையாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கொஞ்சம் மாறிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

டுலூத்தில், ஏரியோரத் தூக்குப் பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஹோட்டலில் இரண்டு ஆண்டுகள் அறை சுத்தம் செய்தேன். எங்கள் சூப்பர்வைசர் கார்லீன் ஆஸ்ட்பி. காலையில் எங்களுக்கு முன்பே வந்து, காலியான நான்கைந்து அறைகளில் கட்டிலுக்கு அடியிலோ இழுப்பறைக்குள்ளோ ஒரு கல்லை ஒளித்துவைப்பார். ஏரிக்கரையில் எல்லோரும் குனிந்து குனிந்து பொறுக்கும் அந்தச் சிவப்பு வரிக்கல், அகேட். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகிற கற்களோடு குழம்பாமலிருக்க, தன் கற்களுக்கு வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருப்பார். வேலை முடிவதற்குள் அதைக் கண்டெடுத்து அவர் மேசையிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் போட வேண்டும். போடாவிட்டால் கட்டிலுக்கடியில் குனியவில்லை என்று அர்த்தம்.

அன்று எனக்கு வைத்த கல் 209-இல், கட்டிலின் தலைமாட்டுக் கால் அருகே இருந்தது. எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். பிறகு போர்வை எடுக்க முற்றத்தைத் தாண்டிச் சலவைக்கூடத்துக்குப் போனேன். குளிருக்குக் கோட் போட்டிருந்தேன். மூன்றரைக்குக் கல்லைக் கிண்ணத்தில் போட்டேன். கண்ணாடியில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தம் அன்றையதா, வேறொரு நாளுடையதா என்று கேட்டால் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை, ஊழியர் அறையில் நடக்கும் கூட்டத்தில், பதினோரு பெண்கள் முன்னால் கார்லீன் கேட்டார்.

“ஐலா கண்ணு, 209 கல்லு எங்க?”

“கிண்ணத்துல போட்டுட்டேன்.”

கிண்ணத்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துக் காட்டினார். “இதுல இல்லையே. அது… வித்தியாசமா இருக்கே.”

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்லமாட்டார்கள். ‘வித்தியாசமா இருக்கு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு பேரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

“குனியறது சிலருக்குக் கஷ்டம்தான். தப்பில்ல. எல்லா வேலையும் எல்லாருக்கும் வராது, கண்ணு.”

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். திங்கட்கிழமை என் தள்ளுவண்டியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. சாவி, ஏப்ரன், வாக்கிடாக்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்வெட்டரில் குத்தியிருந்த பெயர் வில்லையை மட்டும் யாரும் கேட்கவில்லை. இன்றுவரை அது என் கோட்டுப் பையில் இருக்கிறது.

ஜனவரியில் கம்யூனிட்டி காலேஜில் ஹோட்டல் மேலாண்மை மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று அலுவலகத்தில் கேட்டபோது, “மக்களோட பழகப் பிடிக்கும்” என்றேன். பொய். ஒருநாள் கார்லீனுக்கு மேலதிகாரியாக அந்த அறைக்குள் நுழைய வேண்டும். மாலை வகுப்பில் பட்டம் வாங்க நான்கு ஆண்டுகள் ஆகும். காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

இன்று அந்த நான்கு ஆண்டு ஏழு வாரமாகச் சுருங்கியது.

வகுப்புக்கு யாரோ எலுமிச்சை பார், கேக் மாதிரியான இனிப்பு, செய்து கொண்டுவந்திருந்தார்கள். கடைசித் துண்டை முழுதாக எடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது; அது வழக்கம்போலப் பாதியாகி, பாதியும் பாதியாகி, நகத்தளவுக்கு வந்து தட்டில் கிடந்தது. சார் வந்தார், அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வகுப்பே மூச்சைப் பிடித்தது. அவர் நியூ ஜெர்சிக்காரர்; எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்.

“என்ன? வேணும்னா வேணும்னு சொல்றது. இதான் உங்க எல்லாரோட வியாதி. போன டேர்ம் இருபத்திரண்டு ஆய்வறிக்கை வந்துச்சு. இருபத்திரண்டுலயும் ‘மோசமில்லை’. ஒரு ரூம்ல வவ்வால் இருந்திருக்கு. அதுக்கும் மோசமில்லைன்னு எழுதியிருக்கான் ஒருத்தன்.”

“சின்ன வவ்வால் சார்,” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

இந்த டேர்ம் இறுதித் திட்டம்: சம்மதித்த ஹோட்டல்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் வேலைமுறையில் ஏதாவது ஒன்றைச் சோதித்து, அங்கேயே அவர்கள் முன்னால் அறிக்கை வாசிக்க வேண்டும். பட்டியலில் மூன்றாவதாக அந்த ஹோட்டல் இருந்தது. மற்றவர்கள் ஒருவருக்கொருவர் ‘நீங்க எடுங்க, பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கையைத் தூக்கினேன்.

மார்ச் 13, வியாழன்

காலையில் நான் வேலை செய்யும் மளிகைக்கடையின் பேக்கரிப் பக்கம் லோர்னா டிஃபோ வந்தார். அந்தப் பதினோரு பேரில் ஒருவர். வேலைநீக்கத்துக்குப் பிறகும் என்னோடு பேசுகிற ஒரே ஆள்.

“படிக்கிறியாமே! இனிமே உன்ன மேடம்னு கூப்பிடணுமாடி?”

“ஒரு விஷயம் கேக்கணும் லோர்னா. நீங்க ரூமை முடிச்சதும் என்ன நடக்குது?”

“ரெண்டு வருஷம் வேலை பார்த்தவ என்னைக் கேக்குறா பாரு. நீல அட்டையைக் கதவுல மாட்டுவோம். கார்லீன் உள்ள போய்ப் பார்த்து, அட்டையை எடுத்துட்டு, தாள்ல கையெழுத்துப் போடுவா.”

“உள்ள போறாங்களா?”

லோர்னா ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் பார்த்ததில்ல. தபால்காரி மாதிரி நடந்துக்கிட்டே அட்டையை உருவிக்கிட்டுப் போவா. முட்டிவலின்னு சொல்லிக்குவா.”

அடுத்தவரைக் குனியச் சொன்னவருக்குக் கதவைத் திறக்கக்கூட வலிக்கிறது.

“ஆனா பாத்துக்கோ,” என்றார் லோர்னா. “ரூம்ல ஒரு முடி கிடந்தாலும் எங்க தலையிலதான் விடியும். அவ தலையில இல்ல.”

இதை அடிக்கோடிட்டு எழுதினேன்: சுத்தம் செய்தவர் யாருக்கும் அடிபடக்கூடாது. கார்லீனுக்கு மட்டும்.

திட்டம் மதிய உணவு நேரத்தில் வந்தது. அறை சுத்தமாகி நீல அட்டை மாட்டிய பிறகு, கார்லீன் வருவதற்கு முன், நான் உள்ளே போய்த் தலையணை மேல் ஒரு அகேட் கல்லை வைப்பேன். கட்டிலுக்கடியில் அல்ல. தலையணை மேல், நடுவில், கதவைத் திறந்தால் கண்ணில் படும்படி. உள்ளே போகிற எந்தச் சூப்பர்வைசரும் அதை எடுத்துவிடுவார். கையெழுத்தும் போட்டு, கல்லும் அங்கேயே இருந்தால், அவர் கதவைத் திறக்கவேயில்லை. விருந்தினர் நான்கு மணிக்கு வருவார்கள். அதற்குமுன் நானே போய்ப் படம் எடுத்துக்கொள்வேன்.

அவருடைய ஆயுதத்தாலேயே. இதை எழுதும்போது கை சூடாக இருக்கிறது. நான் நல்லவளா என்று தெரியவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 18, செவ்வாய்

சார் என் திட்டத்தை இரண்டு முறை படித்தார்.

“இது ஆய்வா, பழிவாங்கலா?”

“ஆய்வு சார்.”

“முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலயேம்மா.” பேனாவை மேசையில் தட்டினார். “சரி. ஆனா எந்த ரூம்ல என்ன வச்சேன்னு ஒரு தாள்ல எழுதி, உறையில ஒட்டி, அன்னைக்கே என்கிட்ட குடுத்துடு. வாசிக்கிற அன்னைக்கு நான் பிரிப்பேன். நாளைக்கு யாரும் நீ மாத்திச் சொல்றேன்னு சொல்லக்கூடாது.”

அக்டோபரில் இவர் எங்கே இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் மேனேஜர் ஹாகன், எதை எப்படிச் சோதிக்கிறேன் என்று கேட்காமலே, சம்மதித்துக் கடிதம் அனுப்பிவிட்டார். ஏப்ரல் 12, சனி. ஆறு அறைகள்.

ஏப்ரல் 12, சனி

12:30. பாறைக்கரையில் பொறுக்கிய ஆறு கற்கள். வீட்டில் எண்ணினேன், காரில் எண்ணினேன். ஆறு. கோட்டுப் பையில் போட்டேன்.

1:05. எல்லா அறைக்கும் பொதுவான மாஸ்டர் சாவியை ஹாகன் தந்தார். கார்லீன் அப்போது சாப்பாட்டில் இருந்தார். சார் கீழே வரவேற்பறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் நடமாடினால் தெரிந்துவிடும் என்றார்.

1:10 முதல் 1:30 வரை: 203, 205, 208, 209, 211. ஐந்திலும் நீல அட்டை. ஐந்து தலையணைகளிலும் ஐந்து கற்கள். 209-இல் பழக்கத்தில் கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

1:32. 214. பையில் கையை விட்டேன். கல் இல்லை.

இரண்டு பைகளிலும் கையை விட்டுப் பார்த்தேன். வந்த வழியெல்லாம் தரைவிரிப்பில் தேடினேன். இல்லை. ஆறு கற்களை எண்ணிப் போட்டவள் நான். ஐந்துதான் வெளியே வந்திருக்கிறது. 214-இன் நடுவில் நின்றபோது ஒரே ஒரு எண்ணம்: கார்லீன் சொன்னது சரிதானோ? நான் கல்லைத் தொலைக்கிறவளோ?

இடது பையில் மிச்சமிருந்தது என் பழைய பெயர் வில்லை மட்டும். ‘ஐலா.’ அதைத் தலையணை நடுவில் வைத்தேன். வெளியே வந்துவிட்டேன்.

1:40. தாளில் ஐந்து அறைக்கு ‘கல்’, 214-க்கு ‘என் பெயர் வில்லை’ என்று எழுதி உறையை ஒட்டிச் சாரிடம் கொடுத்தேன். கல் தொலைந்ததை அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

2:20. முகப்பு மேசைப் பலகையில் ஆறு அறைகளும் ‘தயார்’ என்று மாறின. ஆறுக்கும் கார்லீன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

2:35. மேலே போகலாம் என்று எழுந்தேன். வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. செயின்ட் க்ளவுடிலிருந்து ஒரு சர்ச் பாடகர் குழு, ஒன்றரை மணி நேரம் முன்னதாக. தயாரான அறைகளை முதலில் கொடுத்தார்கள். ஆறும் போய்விட்டது.

படம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

லோர்னா போனில் சிரித்துக்கொண்டே பேசினார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“ஐலா, அந்தப் பாட்டுக்காரங்க கருத்துச்சீட்டு எழுதிவச்சிட்டுப் போயிருக்காங்க. ‘தலையணை மேல் அகேட்! எவ்வளவு அழகான வரவேற்பு!’ ஒருத்தி கவிதையே எழுதியிருக்கா. ஹாகன் குதிக்கிறாரு. இனிமே எல்லா ரூம்லயும் கல்லு வைக்கணுமாம்.”

“கார்லீன் என்ன சொன்னாங்க?”

“என்ன சொல்வா? ‘சும்மா ஒரு யோசனை தோணுச்சு’ன்னு கன்னம் சிவக்க நின்னா.”

காரில் உட்கார்ந்து அழுதேன், 5:20 முதல் 5:35 வரை. அவரைத் தள்ள நான் வெட்டிய குழியில் அவருக்குப் பூ முளைத்திருக்கிறது.

பிறகுதான் கேட்கத் தோன்றியது. திரும்ப அழைத்தேன். “214 ஆளுங்க என்ன எழுதினாங்க?”

“அவங்க சீட்டே எழுதல. ஏதோ ஒரு பேட்ஜை மேசையில குடுத்துட்டுப் போனாங்களாம். கண்டெடுத்த பொருள் உறைக்குள்ள கிடக்கு. ஏன்?”

ஏன் என்று சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

2:00. அதே ஊழியர் அறை, அதே மேசை. கல் யோசனையைக் கொண்டாட ஹாகன் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். ஹாகன், சார், கார்லீன், முகப்பு மேசைப் பெண், அறை சுத்தம் செய்யும் பதினோரு பேர். என் பழைய இடத்தில் ஒரு புதுப் பெண். கார்லீன் பூசணிக்காய் பார் செய்து கொண்டுவந்திருந்தார். கிண்ணம் மேசை நடுவில் இருந்தது.

“ஐலா கண்ணு! எப்படி வளந்துட்ட!” என்று கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன்.

என் அறிக்கையின் முதல் பக்கத்தை வாசித்தேன். ஆறு அறைகளில், சுத்தம் முடிந்தபின், சோதனைக்கு முன், தலையணை மேல் ஒரு பொருளை வைத்தது நான்தான் என்றேன். அறை சோதிக்கப்படுகிறதா என்று பார்க்க.

ஹாகன் கார்லீனைப் பார்த்தார். “அது உங்க யோசனைன்னு…”

கார்லீன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? வச்சது யாருன்னு எனக்கென்ன தெரியும்! உள்ள போனேன், பார்த்தேன், அழகா இருந்துச்சு, எடுக்க மனசு வரல, விட்டுட்டேன். அதைத்தான் சொன்னேன். உன் யோசனையா கண்ணு? ரொம்ப நல்லாருக்கு!”

பதினோரு பேரும் தலையசைத்தார்கள். அதோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். தாளை மடிக்கக்கூடத் தொடங்கினேன்.

சார் நாற்காலியில் சாய்ந்தார். “ஆறு ரூம்லயும் பார்த்தீங்களாம்மா?”

“ஆறுலயும்.”

“உள்ள போய்?”

“பின்ன? அது என் வேலையாச்சே. ஒவ்வொரு ரூமும் உள்ள போய்த்தான் கையெழுத்துப் போடுவேன்.”

மடித்த தாளைத் திரும்ப விரித்தேன். “214-ல இருந்தது எப்படி இருந்துச்சு கார்லீன்?” என்று கேட்டேன்.

“214…” கண்ணை மேலே உயர்த்தி யோசித்தார். “அதான் இருக்குறதுலயே அழகு. அடர் சிவப்பு. நடுவுல வெள்ளை வரி. ஜாம் துளி மாதிரி.”

“நிச்சயமாவா?”

“கண்ணு, இருபத்தாறு வருஷமா இந்தக் கல்லுகளைப் பார்க்கிறேன். ஒரு தடவை பார்த்தா மறக்கமாட்டேன்.”

சார் உறையைக் கிழித்தார். தாளைப் படித்தார். ஹாகனிடம் நீட்டினார். நான் முகப்பு மேசைப் பெண்ணிடம், 12-ஆம் தேதி 214-இல் கண்டெடுத்த பொருளைக் கொண்டுவர முடியுமா, சிரமமில்லையென்றால், என்று கேட்டேன். போய்வர மூன்று நிமிடம் ஆனது. யாரும் பார்களைத் தொடவில்லை.

உறைமேல் தேதி, அறை எண், ‘தலையணை மேல் இருந்தது’ என்று எழுதியிருந்தது. உள்ளேயிருந்ததை எடுத்து மேசைமேல், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘ஐலா.’

“214-க்குக் கல் வைக்கல,” என்றேன். “என்கிட்ட அஞ்சுதான் இருந்துச்சு.”

கார்லீன் வில்லையைப் பார்த்தார்.

ஆறு மாதமாக மனப்பாடம் செய்துவைத்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு வரியும் தேவைப்படவில்லை. அவர் சிரிக்கிற மாதிரியே சிரித்தேன். “இல்லாத கல்லை நீங்க பார்த்திருக்கீங்க. அக்டோபர்ல நான் போட்ட கல்லை நீங்க பார்க்கல. அது… வித்தியாசமா இருக்கே.”

எங்கேயோ ஒரு கரண்டி கோப்பையில் இடித்தது. பத்துப் பேர் காப்பிக்குள் பார்த்தார்கள். இந்த முறை எனக்காக அல்ல. லோர்னா மட்டும் பார்க்கவில்லை. அவர் நேராகக் கார்லீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாகன் தொண்டையைச் செருமினார். “கார்லீன், நேரம் கிடைக்கிறப்போ கொஞ்சம் என் ரூமுக்கு வர்றீங்களா? அவசரம் ஒண்ணுமில்ல. அந்தக் கையெழுத்துத் தாள்களையும் எடுத்துட்டு வாங்க. இந்த வருஷத்தோடது எல்லாம்.”

அவசரம் ஒன்றுமில்லை என்றால் இப்போதே என்று அர்த்தம். கார்லீன் எழுந்தார். கதவருகே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். யாரும் சொல்லவில்லை. அந்த மௌனம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் போனபின் எல்லோரும் பார்களைச் சாப்பிட்டார்கள். சாப்பிடாமலிருப்பது மரியாதையில்லை. கடைசித் துண்டு பாதியானது, கால்வாசியானது. தட்டு என்னிடம் வந்தபோது நான் அதை எடுத்து முழுவதுமாக வாயில் போட்டுக்கொண்டேன். இலவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கல். மற்றபடி அருமை. மெதுவாக மென்றேன்.

“இப்பதான்மா உனக்கு ஏ கிரேடு,” என்றார் சார்.

ஏப்ரல் 26, சனி

லோர்னா பேக்கரிக்கு வந்தார். திங்களிலிருந்து கார்லீனும் வண்டி தள்ளப்போகிறாராம். இரண்டாம் மாடி. புதுச் சூப்பர்வைசரான லோர்னாவின் கீழ்.

“முதல் நாளே 209-ல கட்டிலுக்கு அடியில ஒரு கல்லு வைக்கப்போறேன்,” என்றார். “குனியறாளான்னு பாப்போம். நீ என்ன சொல்ற?”

“தலைமாட்டுக் கால்கிட்ட வைங்க,” என்றேன்.

வீட்டுக்கு வந்து, குளிர்காலம் முடிந்ததென்று கோட்டைத் துவைக்க எடுத்தேன். வலது பையின் அடித்தையல் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. கீழ் ஓரத்தில், உள்துணிக்குள் ஏதோ உருண்டது. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். ஆறாவது கல். பாறைக்கரையில் எடுத்தது, எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

நேரம் 4:15.

ஆக, பையில் ஓட்டை. எவ்வளவு நாளாக என்று தெரியாது. அக்டோபரில் சலவைக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனதும் இதே கோட்தான்.

ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே முதுகுப் பக்கம் வரை போனேன். முதுகுத் தையல் சேரும் இடத்தில் இன்னொன்று தட்டுப்பட்டது. சின்னது, கடினமானது. பித்தானாக இருக்கலாம். இந்தக் கோட்டில் ஒரு பித்தான் காணாமல்தான் போயிருக்கிறது.

கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறக்காமல் கார்லீன் கையெழுத்துப் போட்டது உண்மை. பார்க்காத கல்லுக்கு நிறம் சொன்னதும் உண்மை. அந்த இரண்டையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன், நேரத்தோடு.

ஊசியில் நூலைக் கோத்துப் பையின் ஓட்டையைத் தைத்தேன். பிரித்த ஓரத்தையும் தைத்தேன். கோட்டை மாட்டியில் மாட்டி, அலமாரியின் கடைசியில் தள்ளிவைத்தேன்.

துவைக்கவில்லை.